மீன் கழுவிய தண்ணீர்

மகளின் பிரசவத்துக்குக் கோயம்புத்தூர் கிளம்பியபோது, என் மனைவி பால்கனியில் பெயிண்ட் வாளியில் இருந்த குண்டுமல்லியைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவில்லை. தினமும் வீடியோவில் அழைத்து முதலில் செடியைக் காட்டச் சொல்வாள். பிறகுதான் சாப்பிட்டாயா என்பாள். நானே சமைக்கிறேன் என்றால் நம்பமாட்டாள், ஹோட்டலில் கண்டதைத் தின்கிறாய் என்பாள்.

காசிமேட்டில் மீன் வாங்கி வந்து, அதைக் கழுவிய தண்ணீரை அவளைப் போலவே செடிக்குத்தான் ஊற்றினேன். ஆனாலும் இலைகளின் ஓரம் கருகியது. மண்மேல் வெள்ளையாக ஏதோ படிந்தது. எண்ணூர் அனல்மின் நிலையத்திலிருந்து காற்றில் வரும் சாம்பல் என்று முடிவு செய்தேன். திருவொற்றியூரில் எது வெள்ளையாகப் படிந்தாலும் அப்படித்தான் முடிவு செய்வோம்.

ஒருநாள் எதிர்வீட்டுப் பெண் சும்மா எட்டிப் பார்ப்பதுபோல வந்தாள்.

"இன்னாண்ணே, உப்பு போட்டுத் தேச்சு கழுவுன தண்ணியவா ஊத்தினு கீறீங்க? அண்ணி மொத தண்ணியத்தான் ஊத்துவாங்க. உப்பு அதுக்கப்பறந்தான்."

இத்தனை வருடம் அந்த மீனைத் தின்றவன் நான். கழுவுவதை ஒருநாளும் பார்த்ததில்லை. செடி போய்விட்டால் மனைவி முகத்தில் எப்படி விழிப்பது என்று நிஜமாகவே பயந்தேன்.

வாளியைச் சாய்த்து, வேரைப் பிடித்திருந்த மண்ணை மட்டும் விட்டு மற்றதை உதிர்த்தேன். கடற்கரை மணல் இலவசம்தான், ஆனால் உப்புக்கு உப்பே மருந்தாகாது. நர்சரியில் செம்மண்ணும், மக்கிய சாணமும், தேங்காய் நார்த்தூளும் வாங்கிக் கலந்தேன். அடியில் அடைத்திருந்த ஓட்டையைக் குத்திவிட்டு, நல்ல தண்ணீரை அது வழிந்து ஓடும்வரை ஊற்றி நிழலில் வைத்தேன். சில வாரத்தில் துளிர் வந்தது. வீடியோவில் இலையை மட்டும் காட்டினேன், மண்ணை மாற்றியதை மனைவியிடம் மூச்சு விடவில்லை.

ஊரிலிருந்து வந்தவள் பையைக்கூட இறக்காமல் பால்கனிக்குப் போனாள். மண்ணைக் கிள்ளிப் பார்த்தாள்.

"மாத்திட்டியா? நாந்தான் எதிர்வூட்டுக்காரிய அனுப்சேன். வீடியோலயே தெரிஞ்சுது."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நேராக என்னிடமே சொல்லியிருக்கலாமே என்றேன்.

"சொன்னா மல்லுக்கு நிப்ப," என்று பையை இறக்கி வைத்தாள். "ஆனா அந்த உப்பப் பாத்தப்பறந்தான்யா எனக்குத் தூக்கமே வந்துது. நெசமாவே மீன் வாங்கி ஆக்கித் துன்னுகினுதான் கீறன்னு."