ஏழுக்கு ஒன்று

ஜெர்மனியில், கார்ல்ஸ்ரூவே நகரத்து அரசியல் சாசன நீதிமன்றத்தில் நீதிபதிகளுக்குச் சிவப்பு அங்கி மாட்டிவிடுவது என் வேலை. நீதிபதி ஹில்ட்ரூட் வென்னிங்கர் அம்மாவுக்கும் பன்னிரண்டு வருஷம் நான்தான் மாட்டிவிட்டேன். பன்னிரண்டு முடிந்தால் எப்பேர்ப்பட்டவரும் கிளம்ப வேண்டியதுதான், நீட்டிப்பு கிடையாது.

வந்த புதிதில் வெள்ளிக்கிழமை மத்தியானமே பெட்டியும் கையுமாக நிற்பார். கருங்காட்டு மலைப்பக்கத்தில் அவர் தங்கை கெர்லிண்டே மருத்துவச்சியாக இருந்தார். கல்யாணமே செய்துகொள்ளாத அம்மாவுக்கு உறவு என்று இருந்தது அந்தத் தங்கை ஒருத்திதான். திங்களன்று எனக்கும் தங்கை சுட்ட பிளம் பழக் கேக்கில் ஒரு துண்டு வரும்.

ஐந்தாம் வருஷம், அம்மாவையும் சேர்த்து எட்டு நீதிபதிகள் முன் ஒரு வழக்கு. வீட்டுப் பிரசவத்தையே முடக்கிப்போட்ட ஒரு சட்டம் செல்லும் என்று தீர்ப்பானது. ஏழுக்கு ஒன்று என்று மட்டும் வெளியே சொன்னார்கள். அந்த ஒருவர் விரும்பினால் தன் பெயரில் காரணம் எழுதி வெளியிடலாம். யாரும் எழுதவில்லை. கெர்லிண்டே தொழிலை விட்டார், அக்காவையும் தலைமுழுகினார்.

அப்புறம் வெள்ளிக்கிழமைகளில் பெட்டி வெளியே வரவில்லை. ஞாயிறுகளில் அரண்மனைத் தோட்டத்தில் அம்மா ஒண்டியாக நடப்பதைப் பார்ப்பேன். தீர்ப்போடு எழுதாமல் விட்டவர், உள்ளே தான் எந்தப் பக்கம் என்பதை ஓய்வு பெற்றாலும் வெளியே சொல்லக் கூடாது. என்ன பாழாய்ப்போன விதியோ!

கடைசி நாளன்று நான் அம்மாவின் அங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, கெர்லிண்டே கேக்கோடு வந்து நின்றார்.

"அக்கா, இன்னையோட எல்லாம் முடிஞ்சுபோச்சே. அந்த ஒண்ணு நீதானே? வாயைத் திறக்க வேணாம், தலையை ஆட்டு. இப்பவே உன்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

அம்மாவின் தலை அசையவில்லை. கழுத்துத் துணியை அவிழ்த்த என் விரலில், அவர் எச்சில் விழுங்குவது மட்டும் தெரிந்தது.

"நீயா இருந்தா எழுதியிருப்பியே. அப்போ நீ இல்ல."

"ரயில்ல வந்தியா கெர்லிண்டே, பஸ்லயா?" என்று கேட்டார் அம்மா.

தங்கை கேக்கை மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "எழுதியிருந்தா, தங்கச்சிக்காக எழுதினாங்கன்னு ஊரே பேசியிருக்கும். அதுக்குத்தானேம்மா எழுதல?" என்று கேட்டே விட்டேன்.

அம்மா கேக்கை வெட்டி, என் பங்கை முதலில் எடுத்து வைத்தார். தன் துண்டை நின்றபடியே கடித்தார்.

"இலவங்கப்பட்டையை இன்னும் தூக்கலாத்தான் போடுறா," என்றார். சொல்லிவிட்டு, மென்றுகொண்டே அழுதார்.