தாடி வைத்த ராஜாவும் தாடி இல்லாத ராஜாவும்

ஒரு ரூபாயை மூன்று ரூபாய் கொடுத்து வாங்க ஜனங்கள் க்யூவில் நின்ற ஒரே தொழில் எங்களுடையதுதான். அறுபதுகளின் நடுவில், மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் ஒரு மார்வாடி சேட்டின் வெள்ளிக் கடையில் நான் கவுன்டரில் உட்கார்ந்திருந்தேன். வருகிறவர்கள் எல்லாம் தமிழர்கள். அவர்களிடம் தமிழில் திட்டு வாங்க சேட்டுக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. உங்கள் வீட்டு பீரோவிலும் ராஜா தலை போட்ட பழைய ரூபாய் நாலு கிடக்கும். வெள்ளி என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள். தாராளமாக நம்புங்கள், ஆனால் மேலே படிக்காதீர்கள்.

விவரம் இதுதான். தாடி வைத்த ராஜாவின் ரூபாய் நல்ல வெள்ளி. அடுத்து வந்த தாடி இல்லாத ராஜா ஆரம்பத்தில் யோக்கியமாகத்தான் இருந்தார். யுத்தம் வந்ததும் ரூபாயில் பாதிதான் வெள்ளி போட்டார். மூட்டை கட்டுகிற சமயத்தில் அதையும் எடுத்துக்கொண்டு வெறும் நிக்கலில் அடித்துக் கொடுத்தார். முகம் மட்டும் மாறவில்லை. நம் ஜனங்களோ முகத்தைப் பார்த்து நம்புகிறவர்கள்.

காந்தம்

நிக்கலைக் காந்தம் இழுக்கும், வெள்ளியை இழுக்காது. இது தெரியாமல் ரிட்டயரான ஆபீசர் ஒருவர், பேரனுக்குப் பால் கிண்ணம் செய்ய ஒரு பை ரூபாயோடு வந்தார். ஒவ்வொன்றாகச் சுண்டி, என் காதருகே நீட்டி, "நாதம் கேட்டேளா!" என்று சங்கீத வகுப்பே நடத்திவிட்டார். அத்தனையும் தாடி இல்லாத ராஜா. நான் கவுன்டருக்கு அடியிலிருந்து காந்தத்தை எடுத்தேன். பாதிக்கு மேல் ஓடி வந்து ஒட்டிக்கொண்டன.

அந்த நிக்கல் ரூபாய்களை வீட்டுக்குத் திரும்பக் கொண்டுபோக அவருக்கு மனசில்லை. நோட்டாக மாற்றிக்கொடுக்கச் சொன்னார். மாற்றிக்கொடுத்துவிட்டு அவற்றை மேஜை டிராயரில் போட்டேன். படியிறங்கும்போது அவர் சொன்னது: "இவன் படத்துக்குக் கீழேதானேய்யா உட்கார்ந்து ஃபைல் பார்த்தேன், என்கிட்டயே இப்படிப் பண்ணிட்டானே!"

யுத்தச் செலவு

செம்பூர் காலனியிலிருந்து ஒரு மாமி வந்தார். காந்தத்தில் ஒட்டாத ரூபாய்கள்தான், ஆனால் யுத்த காலத்தவை. உருக்கிச் சுத்தம் செய்ததும் பாதிதான் தேறியது. அவர் கேட்டது காபி டம்ளர். கிடைத்த வெள்ளிக்கு மருந்து ஊற்றும் அளவில்தான் ஒன்று செய்ய முடிந்தது. யுத்தம், தட்டுப்பாடு, உலோகக் கலவை என்று நான் சரித்திரப் பாடம் எடுத்தேன். மாமி அசையவில்லை.

"யுத்தம் எங்கேயோ நடந்தது, என் டம்ளர் ஏன் சின்னதாப் போகணும்?"

பெயரில் மட்டும் வெள்ளி

டிராம்பேயிலிருந்து பேச்சியம்மாள் என்றொரு அம்மாள். மகன் எண்ணெய்க் கம்பெனியில் பர்மனென்ட். அந்த 'பர்மனென்ட்'டை அவள் ஒரு பட்டம் மாதிரி உச்சரித்தாள். வரப்போகும் மருமகளுக்கு மாப்பிள்ளை வீட்டுச் சீராகக் கொலுசு வேண்டுமாம். விலையைக் கேட்டதும் முகம் சுருங்கி, கண்ணாடிப் பெட்டியின் கடைசித் தட்டைக் காட்டினாள். அது ஜெர்மன் வெள்ளி. பெயரைத் தவிர அதில் குன்றிமணி வெள்ளி கிடையாது. கடை தர்மப்படி அதைச் சொன்னேன்.

"காலுல கெடக்கறத எவ உரசிப் பாக்கப் போறா? பளபளன்னு இருக்கத எடும், அண்ணாச்சி."

பதினொரு தலை

அடுத்த வாரம் தாராவியிலிருந்து சுடலைமுத்து வந்தார். தோல் பதனிடும் ஷெட்டில் வேலை. மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பத்திரிகை கொடுத்து முடிந்த பிறகு மாப்பிள்ளையின் தாயார் சொல்லி அனுப்பியிருக்கிறாள்: சீர்த்தட்டில் பதினொரு ராஜா தலை ரூபாய் வைக்க வேண்டும், இல்லையென்றால் தாலி ஏறாது. தாடி வைத்த ராஜா அவரிடம் இரண்டுதான் இருந்தது. மீதியை மூன்று ரூபாய் வீதம் வாங்க வழியில்லை. ஏற்கெனவே கழுத்தளவு கடன்.

டிராயரைத் திறந்து ஆபீசரின் நிக்கல் ரூபாய்களைக் காட்டினேன். இதிலும் ராஜா இருக்கிறார், ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொள்ளலாம் என்றேன். சுடலைமுத்து ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மெல்லச் சிரிப்பு வந்தது.

"தலைதான கேட்டாவ? குடுத்துருவோம் அண்ணாச்சி, ஒடம்பப் பத்திப் பேச்சே இல்லியே!"

மறுபடியும் காந்தம்

கல்யாணம் முடிந்து சில மாதம் கழித்து பேச்சியம்மாள் புது மருமகளோடு வந்தாள். குங்குமச் சிமிழ் செய்ய வேண்டும் என்று பதினொரு ரூபாயைக் கவுன்டரில் கொட்டினாள். சுடலைமுத்துவிடம் தலை கேட்ட சம்பந்தி இவள்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. காந்தத்தைத் தொடாமல் கணக்கை முடிக்கப் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சேட்டோ, தொழில் பக்தி மிகுந்து, தானே எடுத்து வைத்தார். இரண்டு கிடந்தன, ஒன்பது ஒட்டிக்கொண்டன.

"ஒங்கப்பன் செஞ்ச வேலையப் பாத்தியா? இப்படியே தாராவிக்கு நட!" என்று பேச்சியம்மாள் கத்தினாள். ரோட்டில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். அந்தப் பெண்ணின் கண் நிறைந்துவிட்டது. நான் காட்டிய வழியால் ஒரு பெண் வாழாவெட்டியாகப் போகிறாளே என்று நான் அவசரமாக எழுந்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புடவையை லேசாகத் தூக்கி, காலை ஸ்டூலின் மேல் வைத்தாள். நான் விற்ற கொலுசு மஞ்சள் காட்டிப் பல்லிளித்துக்கொண்டிருந்தது. "அண்ணாச்சி, இதையும் ஒருக்கா ஒரசிப் பாருங்க" என்றாள்.

நான் உரைகல்லை எடுத்தேன். பேச்சியம்மாள் என்னைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள், ரோட்டில் நின்ற கூட்டத்தைப் பார்த்தாள். பிறகு ரூபாய்களைக் காந்தத்திலிருந்து பிய்த்து முந்தானையில் முடிந்தாள்.

"கல்லையும் காந்தத்தையும் உள்ள வையும், அண்ணாச்சி. ஏட்டி, வா, வீட்டுக்குப் போவோம், பஸ்ஸு போயிரும்."

ரூபாயிலிருந்து வெள்ளியை எடுக்க ராஜாவுக்கு ஒரு உலக யுத்தம் வேண்டியிருந்தது, நம் சம்பந்திகளுக்கு ஒரு கல்யாணமே போதுமாயிருந்தது.