மணிமேகலை வெச்ச பிள்ளையார்

எங்க குபேர நகருக்குப் புதுசா சைட் பாக்க வர்றவங்க மொதல்ல என் கடையிலதான் நிப்பாங்க. ஒரு தண்ணி பாட்டில் வாங்கிக்கிட்டு, "ஏங்க்கா, இங்க வசதியெல்லாம் எப்படி?"ன்னு கேப்பாங்க. பேருதான் குபேர நகர். சாக்கடை கெடையாது, ரோடு மண்ணு ரோடு, பஞ்சாயத்துத் தண்ணி வாரத்துல ஒரு தரம் வந்தா அன்னிக்கு எங்களுக்குத் திருவிழா. இதையெல்லாம் நானு மறைக்காம சொல்லிடுவேன். "கோயில் மட்டும் அம்சமா இருக்குதே"ன்னு அவங்க சொல்லும்போதுதான் எனக்குப் பத்திக்கிட்டு வரும். அந்தக் கோயில் வந்த கதையச் சொல்லணும்னா மணிமேகலையப் பத்திச் சொல்லணும்.

மணிமேகலை பர்கூர்க்காரி. அவங்கப்பா அங்க கிரானைட் பட்டறையில பாலிஷ் போட்டவரு. ஓசூர் மாப்பிள்ளை, லாரி டிரைவர்னு பாத்துக் கட்டிக் குடுத்தாரு. அந்த நாயி, இவ வவுத்துல புள்ளையோட இருக்கும்போது ஹூப்ளிக்கு லோடு எடுத்துக்கிட்டுப் போனவன், அங்கயே இன்னொரு குடும்பத்தப் பண்ணிக்கிட்டான். இவ என் முன்னாடி அழுததில்ல. "போனா போறான் அக்கா, வீடு என் பேர்ல இருக்குது"ன்னா. வீடுன்னா என்ன, அரை சைட்டுல ஒரு ரூம்பு, மேல சிமெண்ட் சீட்டு. வண்டிக்கு ஒயர் கட்டற கம்பெனியில காண்ட்ராக்ட்ல வேலைக்குச் சேந்தா. காலையில ஆறு மணி ஷிப்டு. பொண்ணு பொறந்ததும் தன்ஷிகான்னு பேர் வெச்சா. புள்ளையத் தூக்கத்தோட கொண்டாந்து என் வீட்டுல படுக்க வெச்சுட்டு கம்பெனி பஸ் ஏறிடுவா. வாய் கொஞ்சம் துடுக்கு, ஆனா யாருக்கு ஒண்ணுன்னாலும் மொதல்ல வந்து நிக்கறவ அவதான்.

எங்க லேஅவுட்டப் போட்டு வித்தவரு சுபாஷ். தமிழு, தெலுங்கு, கன்னடம் மூணையும் ஒரே வாயில பேசுவாரு. மூணு பாஷையிலயும் ஒரு தரம் கூட இல்லன்னு சொன்னதில்ல, ஒண்ணையும் செஞ்சதும் இல்ல. சைட் விக்கும்போது மேப்புல நடுவால பச்சையடிச்சு, "இது பூங்கா, இங்க புள்ளைங்க வெளாடலாம்"னு காட்டினாரு. அது பஞ்சாயத்துக்கு எழுதிக் குடுத்த பொது இடம். எல்லா சைட்டும் வித்து முடிஞ்சதும் அந்தப் பச்சை மேல அவருக்குக் கண்ணு விழுந்துச்சு. ஒரு நாள் மேஸ்திரி வந்து கல்லு நட்டு, கயிறு கட்டி, நாலு சைட்டாப் பிரிச்சுட்டுப் போனாரு. ரெண்டு நாள்ல ஜேசிபி வருதுன்னு பேச்சு.

ஆம்பளைங்க எல்லாம் கூடி மனு குடுக்கலாம்னாங்க. மணிமேகலை புள்ளைய இடுப்புல வெச்சுக்கிட்டு வந்து நின்னா. "மனு போயிச் சேர்றதுக்குள்ள சுவரு எழும்பிடும் அண்ணா. ஒரு பிள்ளையார வெச்சுடலாம், அப்பறம் எவன் கை வெக்கறான் பாக்கறேன்"னா. எங்க பக்கம் இது ஒண்ணும் புதுசு இல்ல. காலி இடத்தக் காப்பாத்தணும்னா ஒரு வேப்பங்கன்னு, ஒரு சூலம், இல்லன்னா ஒரு பிள்ளையாரு. அதுலயும் திருடிக்கிட்டு வந்த பிள்ளையாருக்குத்தான் சக்தி ஜாஸ்தின்னு சொல்லுவாங்க. அன்னிக்கே புள்ளைய எங்கிட்ட விட்டுட்டு பர்கூர் போனா. அவங்கப்பா பட்டறையில, ஆர்டர் குடுத்தவன் வராமப் போயி ஒரு காது செதுக்காம மூலையில கெடந்த ஒரு அடி பிள்ளையாரு. யாரையும் கேக்கல. அரிசிப் பையில போட்டுக்கிட்டு பஸ் ஏறிட்டா. கண்டக்டரு, "பையில என்னாம்மா, கல்லா?"ன்னு கேட்டாராம். "ஆமாண்ணா, கல்லுதான்"னு லக்கேஜ் டிக்கெட் வாங்கியிருக்கறா. இதச் சொல்லிச் சொல்லி எத்தனையோ நாள் சிரிச்சோம்.

மறுநாள் ஜேசிபி வந்துச்சு. நடு இடத்துல பிள்ளையாரு, செம்பருத்தி மாலை, சுத்தியும் நாங்க பொம்பளைங்க. வண்டி ஓட்டறவன் எறங்கி, செருப்பக் கழட்டிட்டு, கன்னத்துல போட்டுக்கிட்டு வண்டியத் திருப்பிட்டான். சுபாஷ் கார்ல வந்தாரு. சண்டை போடுவாருன்னு பாத்தா, ஒரு தேங்காய வாங்கி ஒடைச்சுக் கும்பிட்டாரு. "ஒள்ளேதாயித்தும்மா"ன்னு கன்னடத்துல சொன்னாரு, நல்லதாச்சுன்னு. நாங்க ஜெயிச்சுட்டோம்னு நெனச்சோம். மணிமேகலையத் தலைமேல தூக்கி வெச்சுக் கொண்டாடினோம். மண்ணாங்கட்டி.

அடுத்த சதுர்த்திக்கு சுபாஷ் மேல தகர சீட்டு போட்டுக் குடுத்தாரு. அப்பறம் டைல்ஸ். அப்பறம் சுத்தியும் காம்பவுண்டு சுவரு, இரும்பு கேட்டு, பூட்டு. பச்சையடிச்ச இடம் முழுக்க சுவத்துக்குள்ள போயிடுச்சு. கோயில்னா கமிட்டி வேணுமில்ல, கமிட்டின்னா தலைவரு வேணுமில்ல. அவரே தலைவரு. காது இல்லாத பிள்ளையார ஓரமா வெச்சுட்டு, மாமல்லபுரத்துல இருந்து பெருசா ஒண்ணு கொண்டாந்தாங்க. சாமி காரியத்துல குறுக்க பேசறதுக்கு எவனுக்கு நாக்கு வரும்?

தன்ஷிகாவுக்கு ரெண்டரை வயசாச்சு. காலு மொளைச்ச புள்ள. நானு கடையப் பாக்கறதா, அதப் பாக்கறதா? ஒரு நாள் பருப்பு போட்டுக்கிட்டு இருந்தேன், அது எறங்கி ரோட்டுக்கு ஓடிடுச்சு. தண்ணி டேங்கர் பின்னால வந்துக்கிட்டு இருந்துச்சு. டிரைவரு மகராசன் பிரேக் போட்டான். மணிமேகலை வந்ததும் சொன்னேன். அவ என்னைய ஒரு வார்த்தை சொல்லல. புள்ளையக் கட்டிக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தா. "நமக்கு ஒரு பால்வாடி வேணும்க்கா"ன்னா.

பழைய ஊருல ஒரு பால்வாடி இருக்குது. ஆறு வழி ரோட்டத் தாண்டிப் போவணும். அங்க போயிக் கேட்டா, "உங்க லேஅவுட் புள்ளைங்க எங்க கணக்குல இல்ல, எங்க புள்ளைங்களுக்கே எடம் பத்தல"ன்னாங்க. எங்க நகருல அந்த வயசுப் புள்ளைங்க முப்பதுக்கு மேல இருக்குது. எல்லாம் கம்பெனிக்குப் போறவங்க புள்ளைங்க. பாதி வீட்டுல வெளியில தாப்பாளப் போட்டு, உள்ள டிவியப் போட்டு விட்டுட்டுப் போறாங்க. மணிமேகலை கிராமசபையில பேசினா. லீவு போட்டுட்டு கிருஷ்ணகிரிக்குத் திங்கக்கிழமை குறை தீர்க்கற நாளுக்குப் போனா. இந்த ஆபீசுல அந்த ஆபீசப் பாருங்கன்னாங்க, அந்த ஆபீசுல டீ குடிக்கப் போயிருக்கறாரு, உக்காருங்கன்னாங்க. உக்காந்தா. ஒவ்வொரு லீவுக்கும் சூப்பர்வைசர் மூஞ்சியத் தூக்குவான். அவ விடல. ஒரு வருசம் அலைஞ்சா. கடைசியில கட்டடம் சேங்ஷன் ஆயிடுச்சு. அன்னிக்கு என் கடையில நின்னு எல்லாருக்கும் கடலமிட்டாய் வாங்கிக் குடுத்தா. அவ மூஞ்சில அப்படி ஒரு வெளிச்சத்த நானு அதுக்கு முன்னாலயும் பாக்கல, பின்னாலயும் பாக்கல.

ஓவர்சியர் டேப்பத் தூக்கிக்கிட்டு வந்தாரு. "பொது இடம் எங்கம்மா?"ன்னாரு.

"இதான் சார்"னு கோயில் கேட்டக் காட்டினா.

"இது கோயில்மா."

"இடம் பஞ்சாயத்து இடம்தான் சார். கோயிலு முன்னாடி இருக்கட்டும். பின்னால எவ்ளோ சும்மா கெடக்குது பாருங்க, அதுல மூணு சென்ட் போதுமே."

அவரு எட்டிப் பாத்துட்டுத் தலையச் சொறிஞ்சாரு. பாவம், நல்ல மனுசன்தான். "இடம் போதும்மா. ஆனா கமிட்டி ஒத்துக்கிட்டு எழுதிக் குடுக்கட்டும். சாமி வெவகாரத்துல நானு கை வெச்சா என் வேல போயிடும். மார்ச்சுக்குள்ள சொல்லுங்க, இல்லன்னா பணம் வேற ஊருக்குப் போயிடும்"னாரு.

ஞாயித்துக்கிழமை கோயில்ல கூட்டம் போட்டாங்க. சுபாஷ் நடுவுல உக்காந்தாரு, நெத்தியில பட்டையா விபூதி. ரொம்ப மரியாதையாத்தான் பேசினாரு. "பால்வாடி நல்ல விசயம்மா. யாரு வேணாம்னாங்க? ஆனா பால்வாடியில முட்டை அவிப்பாங்களே. சாமி சுவத்துக்குள்ள முட்டைய அவிச்சா எப்படிம்மா? ஆகல்லம்மா, ஆகல்ல"ன்னாரு, ஆகாதுன்னு.

அவ்வளவுதான். கூட்டம் முழுக்க, ஆமா ஆமா, முட்டைன்னு பேச ஆரம்பிச்சுடுச்சு. ஒருத்தரு புள்ளைங்க மூத்திரம் போகும்னாரு. இன்னொருத்தரு மேற்கால சுவத்த ஒட்டிக் கட்டடம் கட்டினா வாஸ்து கெடும்னாரு. நானு பொறுக்க மாட்டாம எந்திரிச்சேன். "ஏம்ப்பா, உங்க வீட்டுல யாரும் முட்டை அவிக்கறதில்லையா? வாரம் ஒரு அட்டை என் கடையிலதான வாங்கிட்டுப் போறீங்க?"ன்னு கேட்டேன். "நீங்க உக்காருங்கக்கா, இது கோயில் விசயம்"னாங்க.

மணிமேகலை எந்திரிச்சா. "நான் வெச்ச பிள்ளையாரு இது. நீங்க யாரும் வெக்கல. புள்ளைங்க வெளாடற இடம் போயிடக் கூடாதுன்னுதான் கொண்டாந்து வெச்சேன். அந்தப் புள்ளைங்களுக்கே இப்ப இடம் இல்லங்கறீங்க. அப்படின்னா என் பிள்ளையாரத் தூக்கிக்கிட்டுப் போறேன், இடத்த விடுங்க"ன்னா.

அன்னிக்கு ஜேசிபி முன்னால அவகூட நின்ன பொம்பளைங்க அத்தனை பேரும் அங்கதான் இருந்தாங்க. ஒருத்தி சேலைத் தலைப்பத் திருகினா, ஒருத்தி வாசப்பக்கம் பாத்தா. அதுல நாலு பேரு வீட்டுல கூடப் பால்வாடிக்குப் போற வயசுப் புள்ளைங்க இருக்குது. நாராயணப்பன்னு எங்க தெருப் பெரிய மனுசன், "சாமியத் தூக்கறேன்னு சொல்லாதம்மா, ஊருக்கு ஆகாது"ன்னாரு. சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்னு சொல்லுவாங்க. இங்க பூசாரி கூட ஒண்ணும் சொல்லல. ஊரே சேந்து மறிச்சுது.

மார்ச்சு போச்சு. பணம் வேற ஊருக்குப் போச்சு. அங்க பால்வாடி கட்டி, சுவத்துல மயிலும் யானையும் வரைஞ்சிருக்கறாங்களாம். மணிமேகலை அதப் போயிப் பாக்கல. லீவு அதிகம்னு அந்த ஆனி மாசமே கம்பெனியில காண்ட்ராக்ட்ட முடிச்சு அனுப்பிட்டாங்க. வேற கம்பெனிக்குப் போகலாம்னா, புள்ளைய யாரு பாக்கறது? டேங்கருக்கு அப்பறம் என்னைய நம்பி விடுன்னு சொல்ல எனக்கே வாய் வரல. மூணு மாசம் வூட்டோட இருந்தா. ராகிக்களியும் கீரையுமா ஓட்டினா.

அப்பறம் சுபாஷே அவ வீட்டு வாசல்ல வந்து நின்னாரு. "கோயில கூட்டித் தொடைக்க ஒரு ஆள் வேணும்மா. நீ வெச்ச சாமி, நீயே பாத்துக்கயேன். கொழந்தையையும் கூட்டியா, அது பாட்டுக்கு வெளாடட்டும்"னாரு. அவரு அத நெசமாவே நல்ல மனசோடதான் சொன்னாரு, அதான் எனக்கு இன்னும் வயிறு எரியுது. மணிமேகலை போகமாட்டா, மூஞ்சில அடிச்ச மாதிரி நாலு வார்த்தை கேப்பான்னு எதிர்பாத்தேன். "எத்தனை மணிக்கு வரணும்ங்க?"ன்னு கேட்டா. அவ்வளவுதான் கேட்டா.

இப்ப தெனம் காலையில கோயில் கேட்டத் தெறக்கறவ அவதான். தொடப்பம் பிடிச்சுக் கூட்டி, தண்ணி ஊத்திக் கழுவி, கோலம் போடறா. புள்ள கூடவே திரியுது. கோலமாவுல அ, ஆன்னு எழுதிக் காட்டுவா, அது தரையில வெரலால எழுதும். ஒரு சத்தம் ஜாஸ்தியாப் போட்டா கமிட்டி ஆளுங்க, "பாப்பாவ அமைதியா வெச்சுக்க மணிமேகலை"ம்பாங்க. மேப்புல பச்சையடிச்ச இடத்துலதான் அந்தப் புள்ளைய ஓடாதங்கறாங்க.

தை மாசம் கும்பாபிசேகம் முடிஞ்சு, வாசல் சுவத்துல ஒரு கருப்புக் கல்லு பதிச்சாங்க. பளபளன்னு பர்கூர் கல்லு, தங்கக் கலர்ல எழுத்து. போன வெள்ளிக்கிழமை பூ குடுக்கப் போனேன். மணிமேகலை ஈரத்துணியால அந்தக் கல்லத் தொடைச்சுக்கிட்டு இருந்தா. தன்ஷிகா பக்கத்துல நின்னு, எழுத்து மேல வெரல வெச்சு, ஒண்ணொண்ணாக் கூட்டிப் படிச்சுக்கிட்டு இருந்துச்சு. நாலு வயசுதான், பால்வாடி வாசப்படிய மிதிச்சதில்ல.

"இ... ட... ம். இடம். உ... ப... ய... ம். உபயம்." கொஞ்ச நேரம் முழிச்சுது. "சு... பா... ஷ்."

எனக்கு அங்கயே பூக்கூடையத் தூக்கி எறியணும் போல இருந்துச்சு. கடைத் தேங்காய எடுத்து வழிப் பிள்ளையாருக்கு ஒடைக்கறதக் கேட்டிருக்கறேன். ஊரு இடத்த ஊருக்கே தானம் குடுத்ததாக் கல்லுல வெட்டி வெச்சவன இப்பத்தான் பாக்கறேன்.

"அம்மா, உபயம்னா என்னா?"ன்னு புள்ள கேட்டுச்சு.

மணிமேகலை துணியப் பிழிஞ்சா. என்னையப் பாக்கல, கல்லையும் பாக்கல.

"தானமாக் குடுக்கறது கண்ணு."

"சுபாஷ் தாத்தாவா குடுத்தாரு?"

அவ துணிய ஒதறி கேட்டு மேல போட்டா. அப்பறம், "ஆமா. படிச்சது போதும், போயி தொடப்பத்த எடுத்துக்கிட்டு வா, தாத்தா வர்ற நேரமாச்சு"ன்னா. புள்ள ஓடாம, மெதுவா நடந்து போயி எடுத்துக்கிட்டு வந்துச்சு.