சித்தாவுக்குப் போடாத விண்ணப்பம்

காந்திபுரத்தில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறேன். நீட் முடிவு வந்துவிட்டால் கவுன்சலிங் விண்ணப்பம் போட வரும் பிள்ளைகளால் கடை நிரம்பிவிடும். ஆனைமலையிலிருந்து வந்த ஒரு பெண், எம்பிபிஎஸ், சித்தா இரண்டுக்கும் போடச் சொன்னாள்.

"இந்த மார்க்குக்கு எம்பிபிஎஸ்ஸே கெடைக்குமுங்க அம்மணி, சித்தா எதுக்கு?" என்றேன்.

"எனக்கு அதுவும் புடிக்குமுங்கண்ணா. ரெண்டும் போட்டுருங்க."

எம்பிபிஎஸ் விண்ணப்பத்தை அவள் எதிரிலேயே முடித்தேன். சித்தாவுக்கு அப்புறம் போடுவதாகச் சொல்லி அனுப்பிவிட்டு, தேவையில்லை என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

சித்தாவுக்குக் கடைசி நாள். மாலை நாலரைக்கு அவள் போன் செய்தாள். "அண்ணா, சித்தா போட்டாச்சுங்களா?"

"போட்டாச்சுங்க" என்று வாய் கூசாமல் சொன்னேன். போனை வைத்ததும் மணியைப் பார்த்தேன். ஐந்து மணியோடு விண்ணப்பம் முடிகிறது. அவசரமாக விவரங்களை ஏற்றினேன். ஆனால் ஓடிபி அவள் போனுக்குத்தான் போகும். கேட்டால் என் பொய் தெரிந்துவிடும். கேட்காமல் விட்டு, எம்பிபிஎஸ்ஸும் கிடைக்காமல் போனால் அவளுக்கு ஒரு வருடம் போய்விடும். அவளை அழைத்தேன்.

"பொய் சொல்லிப்போட்டேன் அம்மணி. இன்னும் போடலீங்க. இப்ப வந்த ஓடிபியச் சொல்லுங்க."

மறுமுனையில் சத்தமே இல்லை. வைத்துவிட்டாளோ என்று பயந்தேன். பிறகு ஆறு எண்களையும் நிதானமாகச் சொன்னாள். "மொதல்ல முடிங்கண்ணா, அப்பறம் பேசிக்கலாம்."

ஐந்துக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

எம்பிபிஎஸ் அவளுக்குக் கிடைக்கவில்லை. இப்போது சித்தா மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். என்னை அவள் ஒரு வார்த்தை திட்டியதில்லை. ஆனால் அவள் பேசாமல் இருந்த அந்தச் சில நொடிகளில் பிடித்த பயம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. போக வேண்டாம் என்றே நினைக்கிறேன்.