இல்லை என்று சொன்ன கம்ப்யூட்டர்

அந்தப் பார்வையற்றோர் பள்ளியில் அவளை ஒயரக்கா என்றால்தான் தெரியும். டைப்பிஸ்டாகச் சேர்ந்தவள். கம்ப்யூட்டர்கள் வந்திறங்கியபோது மற்றவர்கள் எட்டி நின்றார்கள். இவள் மூடியைக் கழற்றிப் பார்த்தாள். பதினெட்டு வருஷமாக அத்தனை பெட்டிகளும் இவள் தலையில். பதவிப் பெயர் மட்டும் இன்னும் டைப்பிஸ்ட்தான்.

மூன்று வாரத்துக்கு முன், கம்ப்யூட்டர் விற்ற கம்பெனிக்காரர் வந்து கம்ப்யூட்டரில் புது சிஸ்டம் ஏற்றிவிட்டுப் போனார். எழுத்தைப் பிரெய்ல் புள்ளியாக மாற்றும் மென்பொருள் அதோடு படுத்துவிட்டது. புது சிஸ்டத்துக்கு அது ஆயத்தமாகக் கிடைக்கவில்லை. மூல நிரல் இணையத்தில் இலவசமாகக் கிடந்தது. அதை இறக்கி, ஓடக்கூடிய மென்பொருளாக நாமே மாற்றிக்கொள்ள, அதாவது கம்பைல் செய்துகொள்ள வேண்டியதுதான். வியாழக்கிழமை கணக்குப் பரீட்சை; பன்னிரண்டு பிள்ளைகளுக்கும் கேள்வித்தாள் பிரெய்லில் வேண்டும்.

திங்கள் காலை உட்கார்ந்தாள். கம்பைல் ஆவதற்கு முன், வேண்டியதெல்லாம் இருக்கிறதா என்று மென்பொருளே ஒரு சோதனை நடத்தும். அது சார்ந்திருக்கும் ஒரு லைப்ரரி, அதாவது துணை நிரல்தொகுப்பு, இல்லை என்றது. ஏற்றினாள். மறுபடியும் இல்லை என்றது. அதற்குத் துணையான கோப்புகளையும் ஏற்றினாள். அப்போதும் அதே பல்லவி.

அந்த மென்பொருளை எழுதியவர்களின் இணைய மன்றத்தில் கேட்டாள். தங்களுக்குச் சரியாக ஓடுகிறது, முதலில் கையேட்டைப் படியுங்கள் என்று ஒரு வரி எழுதி, கேள்வியையே மூடிவிட்டார்கள். கையேட்டை அகராதியும் கையுமாக இரண்டு முறை படித்திருந்தவளுக்குக் காது சிவந்துபோனது. கம்பெனிக்காரரோ போனில், இதெல்லாம் உங்களுக்குச் சரிப்படாது மேடம், புது மெஷின் வாங்கச் சொல்லுங்கள் என்றார்.

தலைமையாசிரியர் சுலபமாக ஒரு வழி கண்டுபிடித்தார்: கேள்வித்தாளை யாராவது வாசித்துக் காட்டிவிடலாம். கணக்கு டீச்சருக்கும் பார்வை கிடையாது. அவர் குரலை உயர்த்தவில்லை.

"பின்னத்தையும் வர்க்கமூலத்தையும் காதால கேட்டே போடணும்னா, கண்ணு தெரியற பிள்ளைங்க பள்ளிக்கூடத்துலயும் தாள் கொடுக்க வேணாம்னு சொல்லுங்க சார். அவங்களும் கேட்டே போடட்டும்."

ஒயரக்கா தன் அறைக்குத் திரும்பினாள். சோதனை நடக்கும்போது மென்பொருள் தன் பாட்டுக்கு ஒரு குறிப்புக் கோப்பு எழுதிவைக்கும், ஆயிரக்கணக்கான வரிகள். அதைத் திறந்து, அடியிலிருந்து மேலாகப் படித்துக்கொண்டே போனாள். செவ்வாய் மதியம் விஷயம் அகப்பட்டது. லைப்ரரி இல்லாமல் இல்லை. வேறொரு ஃபோல்டரில் அதன் ஏழு வருஷத்துப் பழைய நகல் ஒன்று கிடந்தது. சோதனை முதலில் அதைத்தான் எடுத்துப் பார்த்தது. பொருந்தவில்லை என்றதும், இல்லை என்று கையை விரித்துவிட்டது.

அந்தப் பழையதை வைத்தவர் யார் என்று பார்த்தாள். கம்பெனிக்காரரின் பெயர். சிஸ்டம் ஏற்றிய அதே தேதி.

நகலை அப்புறப்படுத்திவிட்டு மறுபடி ஓட்டினால், அப்போதும் இல்லை! முந்தைய பதிலையே அது நினைவில் வைத்திருந்தது. பாதியில் நின்றதையெல்லாம் அழித்து, முதலிலிருந்து சோதனையை ஓட்டினாள். இருபது நிமிஷத்தில் கம்பைல் ஆகி முடிந்தது.

கம்பெனிக்காரரைக் கூப்பிட்டாள். "எனக்கு சரிப்படாதுன்னீங்க. சரிப்படாம செஞ்சு வச்சதே நீங்கதான்."

பழைய பேக்கப்பை அப்படியே போடுவது வழக்கம்தான் என்று அவர் மென்று விழுங்கினார். மன்னிப்பு வரவில்லை. நடந்ததையெல்லாம் ஒரு பக்கத்துக்கு எழுதித் தலைமையாசிரியர் மேஜையில் வைத்தாள். மன்றத்துக்கும் எழுதினாள்: இல்லை என்பதும், இருப்பது பழசு என்பதும் ஒன்றல்ல, உங்கள் சோதனை பொய் சொல்கிறது. திருத்த வேண்டிய நாலு வரியையும் கூடவே அனுப்பினாள். மறுவாரம் அதைச் சேர்த்துக்கொண்டார்கள். நன்றி என்று ஒரு வார்த்தை கிடையாது. அந்தக் கோபம் அவளுக்கு இன்றும் தீரவில்லை.

பரீட்சைக்கு முந்தின நாள், புதன் மதியமே பன்னிரண்டு பிரெய்ல் தாள்களும் தயாராகியிருந்தன. கணக்கு டீச்சர் முதல் தாளில் விரலை ஓட்டினார். ஏழாவது கேள்வியில் நின்றார்.

"இங்க ஒரு அடைப்புக்குறி குறையுதே?"

தலைமையாசிரியர் சரிபார்த்துக் கையெழுத்திட்ட மூலத்தாளை ஒயரக்கா எடுத்துப் பார்த்தாள். அதிலேயே அடைப்புக்குறி இல்லை; கண்ணால் பார்த்தவர் கவனித்திருக்கவில்லை. அதைத் திருத்தச் சொல்ல இருவரும் தலைமையாசிரியர் அறைக்குப் போனார்கள்.