வெள்ளிங்கிரி சாரும் மைதானத்து இறைவணக்கமும்

செய்தி வந்தபோது நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடும் ரங்கசாமி அண்ணன் கைப்பேசியில் அழைத்தார். அவர் என்னை அழைப்பவரே அல்ல.

"ஏனுங்க மேடம், சேதி வந்துச்சுங்களா? நம்ம பெரிய சார் போயிட்டாருங்க. காலையில நடந்துபோட்டு வந்து ஒக்காந்தாராமா. அம்மா காப்பி எடுத்துட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சாமா" என்றார்.

பெரிய சார் என்றால் வெள்ளிங்கிரி சார். எங்கள் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் உடற்கல்வி இயக்குநராக இருந்து, இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓய்வு பெற்றவர். விடைத்தாள் கட்டை மூடி வைத்தேன். அவருக்கு அஞ்சலி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆனால் அவர்களில் யாரும் அவர்மேல் புகார் எழுதியதில்லை. நான் எழுதியிருக்கிறேன். அதனால் இதையும் நானே எழுதுவதுதான் முறை என்று தோன்றியது.

நான் தாவரவியல் துறையில் வேலைக்குச் சேர்ந்த ஆண்டே அவரைத் தெரியும். ஆண்டு விளையாட்டு விழாவில் இறைவணக்கம் பாட ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். சிறு வயதில் பாட்டு கற்றுக்கொண்டவள் என்று யாரோ என்னைப் போட்டுக்கொடுத்துவிட்டார்கள். விழா முடிந்ததும் ஆறடி உயரத்தில் ஒருவர், நெற்றி நிறையத் திருநீற்றுப் பட்டையும் கழுத்தில் விசிலுமாக என்னை நோக்கி வந்தார். "நெம்ப நல்லா பாடினீங்க மேடம். இனி வருசா வருசம் நீங்கதான். நான் சொல்லிப்போட்டேன்" என்றார். அதன்பின் அந்த மேடையில் அந்த இடம் என்னுடையதாகிவிட்டது. எனக்கு அதில் பெருமை உண்டு. அதை மறைப்பதற்கில்லை.

அவருடைய பக்தி ஊரறிந்தது. கிணத்துக்கடவுப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருந்த குடும்பம். எந்த மலையின் பெயரைத் தாங்கியிருந்தாரோ அந்த மலைக்கு வருடம் தவறாமல் வெறுங்காலில் ஏறி வருவார். அணிகளுக்கான முதலுதவிப் பெட்டியில் வலிக்கு அடிக்கும் ஸ்பிரேவுக்குப் பக்கத்தில் ஒரு திருநீற்றுப் பொட்டலம் எப்போதும் இருக்கும். போட்டி தொடங்குவதற்கு முன் அணியை வட்டமாக நிறுத்தி, ஒவ்வொருவர் நெற்றியிலும் தன் கையாலேயே பூசிவிடுவார். "தைரியமாப் போ கண்ணு" என்று முதுகில் ஒரு தட்டு தட்டுவார். அந்தத் தட்டு வாங்குவதற்காகவே கபடி ஆடுகிறோம் என்று சொன்ன பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

இப்படிப்பட்டவர் ஒரு வருடம் விழா நிகழ்ச்சி நிரலிலிருந்து இறைவணக்கத்தை எடுத்துவிட்டார். அச்சடித்து வந்த அழைப்பிதழைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. கொடியேற்றம் இருந்தது, அணிவகுப்பு இருந்தது, உறுதிமொழி இருந்தது. நான் இல்லை. எனக்குக் கோபம் சட்டென்று வரும். அழைப்பிதழைக் கையில் பிடித்தபடி நேராக அவர் அறைக்குப் போனேன்.

"என்ன சார், என் குரல் அலுத்துப்போச்சுங்களா?"

"ஒக்காருங்க மேடம். ஒரு கதை சொல்றேன், கேட்டுப்போட்டு அப்புறம் வையுங்க" என்றார்.

பெண்கள் கபடி அணியில் சில ஆண்டுகளுக்கு முன் எஸ்தர் என்று ஒரு பெண் இருந்தாள். சூலூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். தாத்தா காலம்வரை தோட்டக் கூலி, அப்பா விசைத்தறியில் வேலை. ரெய்டு போனால் வெறுங்கையோடு திரும்ப மாட்டாள் என்று பெயர் எடுத்தவள். படிப்பு முடிந்து உடற்கல்வி ஆசிரியையாகி, கல்யாணப் பத்திரிகை கொடுக்க அவரைத் தேடி வந்திருக்கிறாள். பேச்சுவாக்கில், "சார், சர்ச்சுலதான் கல்யாணம். பாசத்துல வந்து துன்னூறு பூசி விட்டுராதீங்க" என்று சிரித்திருக்கிறாள். இவரும் சிரித்துக்கொண்டே, "ஏம்மா, அப்போவே வேண்டாம்னு சொல்லியிருக்கலாமில்ல?" என்று கேட்டிருக்கிறார்.

அந்தப் பெண் சொன்ன பதிலை அவர் எனக்கு அப்படியே சொல்லிக் காட்டினார். "நீங்க அன்பாத்தான் வெக்கறீங்கன்னு தெரியுங்க சார். ஆனா எங்கூட்ல அப்பா கேப்பாரு. பஸ் ஸ்டாண்டு கொழாயில கழுவிப்போட்டுத்தான் ஊட்டுக்குப் போவேன். ஒவ்வொரு மேட்ச்சுக்கும் இன்னைக்குச் சொல்லீரலாம், இன்னைக்குச் சொல்லீரலாம்னு நெனைப்பேன். டீம் லிஸ்ட்டு உங்க கையில இருக்குதேங்க சார்."

"மூணு வருசம் மேடம்" என்றார் வெள்ளிங்கிரி சார். "நான் ஆசீர்வாதம் பண்றேன்னு நெனச்சுட்டிருந்தேன். அந்தப் புள்ள கொழாயத் தேடிட்டு இருந்திருக்குது."

எனக்கு எஸ்தருக்காக வருத்தமாக இருந்தது. ஆனால் என் பாட்டுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று விளங்கவில்லை. "திருநீறு வேறு, பாட்டு வேறு சார். நான் யார் நெற்றியிலும் எதையும் பூசவில்லையே" என்றேன்.

"எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்கன்னு மைக்குல சொல்றமுங்களே."

"யாருக்கு விருப்பமில்லையோ அவர்கள் உட்காரட்டும்."

"நாலாயிரம் கண்ணு பாக்கறப்ப எந்தப் புள்ளைங்க ஒக்காரும்?"

"சரி, சாமி பேரே இல்லாத பாட்டாகப் பாடுகிறேன்."

"பேர எடுத்துப்போட்டா ஆச்சுங்களா மேடம்? நிக்கச் சொல்றது நாமதானுங்களே. இது சர்க்கார் மைதானம். வரி கட்டறவங்க எல்லாரோட மைதானம்."

ஆத்திரத்தில், "அப்படியென்றால் உங்கள் நெற்றியில் இருக்கும் பட்டையையும் அழித்துவிட்டு மைதானத்துக்கு வாருங்கள்" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அவர் கோபப்படவில்லை.

"அது என்ற சொந்த நெத்திங்க மேடம்" என்றார்.

அந்த வருடம் இறைவணக்கத்துக்குப் பதிலாக ஒரு நிமிட மௌனம் என்று வைத்தார். அவரவர் மனதில் வேண்டியதை நினைத்துக்கொள்ளட்டும் என்பது அவர் எண்ணம். நம் ஊரில் மைதானத்தில் இரண்டாயிரம் பேர் தலைகுனிந்து மௌனமாக நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு என்பதை மனிதர் யோசிக்கவே இல்லை. சிறப்பு விருந்தினராக வந்திருந்த தொழிலதிபர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு துணைவேந்தரிடம், "யாருங்க தவறிட்டாங்க?" என்று கிசுகிசுத்தார். மறுநாள் பக்கத்துக் கல்லூரியிலிருந்து எங்கள் அலுவலகத்துக்கு இரங்கல் கடிதமே வந்துவிட்டது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அடுத்த வருடம் அந்த மௌனத்தையும் எடுத்துவிட்டார்.

அணிகளுக்குத் திருநீறு பூசுவதையும் அவர் நிறுத்தினார். பிள்ளைகள் முதலில் தவித்துப்போனார்கள். அரையிறுதியில் தோற்ற ஆண்கள் அணி, சார் துன்னூறு வைக்காததுதான் காரணம் என்று முணுமுணுத்தது. "சாமி மேல பழி போடாதீங்கடா. போனஸ் கோட்ட மறந்துபோட்டு ரெய்டுக்குப் போனா எந்தச் சாமி வந்து காப்பாத்தும்?" என்றாராம்.

ஆனால் அவர் யாருடைய வேண்டுதலையும் தடுக்கவில்லை. பிள்ளைகள் தாங்களாக வட்டமாகக் கூடிக் கும்பிடுவதும், மண்ணைத் தொட்டு ஒற்றிக்கொள்வதும், சிலுவை போட்டுக்கொள்வதும் நடந்துகொண்டேதான் இருந்தன. அந்த நேரத்தில் அவர் மட்டும் மைதானத்தின் மறுகோடியில் இருக்கும் தண்ணீர் டிரம்மை நோக்கி நடந்துவிடுவார். அங்கே போய் அணிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். நடுவர் விசில் அடித்த பிறகுதான் திரும்பி வருவார். நேஷனல் மேட்ச்சானாலும் இதுதான் வழக்கம். ஒருமுறை ஏன் என்று கேட்டேன்.

"யாரு கும்பிட்டாங்க, யாரு கும்பிடலைன்னு எனக்குத் தெரியக் கூடாதுங்க மேடம். தெரிஞ்சுபோச்சுன்னா லிஸ்ட்டு எழுதறப்ப கை தானா நகரும். நானும் மனுசந்தானுங்களே" என்றார்.

அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. விளையாட்டு விழா நாட்களில் மேடைக்குக் கீழே மற்ற ஆசிரியர்களோடு உட்கார்ந்திருப்பது எனக்கு அவமானமாகவே இருந்தது. அவர் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு, பல்கலைக்கழகத்தின் மரபை இயக்குநர் ஒருவர் தன்னிச்சையாக அழிக்கிறார் என்று பதிவாளருக்கு ஒரு புகார் போனது. பதினோரு பேர் கையெழுத்திட்டிருந்தார்கள். என் கையெழுத்து அதில் இல்லை. ஆனால் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை எழுதிக்கொடுத்தது நான்தான். ஆன்மிக உணர்வற்றவர் என்றுகூட ஒரு வரி எழுதினேன். மலையேறிப் பாதம் வெடித்தவரைப் பற்றி, சாமி படங்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு நான் எழுதிய வரி அது.

பதிவாளர் அவரை அழைத்து, "இத்தனை பக்தியான நீங்களே இப்படிப் பண்ணினா எப்படிங்க?" என்று கேட்டாராம். "நான் சொன்னாத்தானுங்க எடுபடும். சொல்ல வேண்டியவங்களால சொல்ல முடியாதுங்க" என்று பதில் வந்ததாம். பதில் பிடிக்கவில்லையோ என்னவோ, அவருடைய பணியின் கடைசி ஆண்டில் விழாப் பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்கள். முப்பது ஆண்டு ஓடியாடி நடத்திய விழாவை அவர் பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். இறைவணக்கம் திரும்பி வந்தது. நான் பாடினேன். எல்லோரோடும் சேர்ந்து அவரும் எழுந்து நின்றார்.

விழா முடிந்ததும் நேரே என்னிடம் வந்தார். "நல்லாப் பாடினீங்க அம்மணி. சுருதிதான் கொஞ்சம் ஏறிப்போச்சு" என்றார். அவர் என்னை அம்மணி என்று அழைத்தது அந்த ஒரு முறைதான். புகாரை எழுதியது நான்தான் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். கணபதியில் இருக்கும் என் வீட்டிலிருந்து கிணத்துக்கடவு ஒன்றும் காசி இல்லை. ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். இரண்டு ஆண்டுகளில் ஒருமுறைகூடப் போகவில்லை.

அவர் இறந்த அன்றுதான் அந்த வீட்டுக்குப் போனேன். அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். நெற்றியில் பட்டை பளிச்சென்று இருந்தது. எஸ்தர் தன் பள்ளிப் பிள்ளைகள் நாலு பேரோடு வந்து, கால்மாட்டில் மண்டியிட்டுக் கண்மூடி ஜெபித்தாள். தேவாரம் பாடிக்கொண்டிருந்தவர்கள் அவள் முடிக்கும்வரை குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். அவருடைய துணைவியார் சரஸ்வதி அக்காவின் கையைப் பிடித்தபோது எனக்குத் தாங்கவில்லை. "அக்கா, சார்மேல் போன அந்தப் புகார்..." என்று ஆரம்பித்தேன்.

"அவருக்குத் தெரியுமுங்க" என்றார் அக்கா. "படிச்சுப்போட்டுச் சிரிச்சாரு. 'ஒரு தப்பில்லாம எழுதியிருக்குது, இது மேடம் எழுதுனதுதான்'னாரு. உங்க மேல அவருக்கு வருத்தமில்லீங்க. வந்து போவீங்கன்னுதான் பாத்துட்டிருந்தாரு."

போன வெள்ளிக்கிழமை எங்கள் ஆண்டு விளையாட்டு விழா. புதிய இயக்குநர் நல்ல மனிதர், சாரிடமே பயின்றவர். "மேடம், இந்த வருசம் பெரிய சாரோட ஆத்ம சாந்திக்குன்னு சொல்லி நீங்க இறைவணக்கம் பாடிருங்க" என்று கேட்டுக்கொண்டார். சரி என்றேன். எந்தப் பாட்டு என்றுகூட யோசித்து வைத்துக்கொண்டேன்.

நான் எப்போதும் கண்ணை மூடிக்கொண்டுதான் பாடுவேன். சுருதி அப்போதுதான் நிற்கும். அதனால் இத்தனை ஆண்டுகளில் எதிரே நிற்பவர்களின் முகத்தை நான் பார்த்ததே இல்லை. அன்று கண்ணை மூடினால் அழுதுவிடுவேனோ என்ற பயத்தில் திறந்தே வைத்திருந்தேன். எல்லோரும் எழுந்து நிற்கும்படி அறிவித்தார்கள். ஓட்டக்காரர்கள் வரிசையாக நின்றார்கள். மூன்றாவது வரிசையில் நீல ஜெர்சி போட்ட ஒரு பெண் கைகளைப் பின்னால் கட்டியிருந்தாள். இருபுறமும் இருந்தவர்கள் கைகூப்புவதைப் பார்த்தாள். பிறகு, கையில் பட்டியலோடு ஓரமாக நின்றுகொண்டிருந்த இயக்குநரைப் பார்த்தாள். பின்னால் இருந்த கைகளை மெல்ல முன்னே கொண்டுவந்து கூப்பிக்கொண்டாள். யாரும் அவளை எதுவும் சொல்லவில்லை. எல்லாம் ஒரு மூச்சு நேரத்தில் முடிந்துவிட்டது.

பாட்டின் முதல் சொல் என் தொண்டை வரை வந்திருந்தது. அதை விழுங்கிக்கொண்டு, "வெள்ளிங்கிரி சாருக்கு என் வணக்கம். விழாவைத் தொடங்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு மேடையைவிட்டு இறங்கினேன். பதிவாளர் பதறிப்போய், "என்னங்க மேடம், தொண்டை கட்டிக்கிச்சுங்களா?" என்றார்.

"இல்லீங்க. நல்லாத்தான் இருக்குது" என்றேன்.

சார், நான் முழுதாக உங்கள் பக்கம் வந்துவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். பெரிய போட்டிக்கு முன் ஒரு பாட்டு மனதை அமைதியாக்கும் என்று இப்போதும் நம்புகிறேன். அந்தப் பாட்டை எங்கே வைத்துக்கொள்வது என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. உங்களிடம் வந்து வாதாடியிருந்தால் ஒருவேளை பிடிபட்டிருக்கும். புகாரை எழுதியது நான்தான். நீங்கள் அறிந்திருந்தாலும் உங்கள் முகத்துக்கு நேரே நான் சொல்லியிருக்க வேண்டும். மன்னித்துவிடுங்கள்.

அந்தப் பெண்ணின் பெயரை நான் விசாரிக்கவில்லை. எந்தச் சாமியைக் கும்பிடுகிறவள், கும்பிடுகிறவள்தானா என்பதும் எனக்குத் தெரியாது. நூறு மீட்டரில் மூன்றாவது லேனில் ஓடினாள். இரண்டாவதாக வந்தாள். போய் வாருங்கள் சார்.