கூப்பிட்டால்தான் வரும் காட்டேரி

இன்று ஹந்தானை மலைக்குப் போகும் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்து அம்மாவும் மகளும். மகள் ஃபோனில் ஒரு சிரிப்புப் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் போகும் ரத்தக்காட்டேரிப் பையனின் கதை.

“ம்மா, வீட்டுக்காரங்க வாங்கன்னு சொன்னாத்தான் இவன் உள்ள வருவானாம்.”

“அப்ப நம்ம லயத்துக்கு வரமாட்டான். தோட்டம் குடுத்த வீடு, நம்ம பேர்லயா இருக்கு?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவும் சிரித்தார்.

மகள் சிரிக்கவில்லை.

“அப்பா பின்னால தகரத்துல சமைக்க ஒரு குசினி கட்டினப்ப, பிடுங்கச் சொல்லித் தோட்டத்துத் தொரை நேரா உள்ள வந்தாரே. அவரை யாரும்மா கூப்பிட்டா?”

அம்மா ஃபோனை வாங்கி அணைத்துவிட்டார்.

படத்தில் அந்தப் பையன் இன்னும் வாசலில்தான் நிற்பான். காட்டேரியானாலும் மரியாதை தெரிந்தவன், என்ன சொல்கிறீர்கள்?